மலை வலப்பக்கம்தான் இருந்தது

திருவண்ணாமலை
பிலவ வருஷம், ஐப்பசி மாதக் கடைசி

சௌபாக்கியவதி ரேணுகாவுக்குச் சித்தியின் அநேக ஆசீர்வாதம். இங்கே அண்ணாமலையார் புண்ணியத்தில் உன் அப்பாவும் நானும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்பதை உன் கடிதமே சொல்லிவிட்டது, ஆனாலும் அது வந்து சேர்வதற்குள் டில்லியில் குளிர் எவ்வளவு ஏறியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேதான் இதை எழுத உட்கார்ந்தேன். தீபாவளிப் பார்சலில் முறுக்கு பாதிக்கு மேல் முழுசாகவே வந்ததாக எழுதியிருக்கிறாய், தபால்காரருக்கு நல்ல மனசு. காலையில் வெந்நீரில் குளி, வீரம் காட்டாதே. கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ள வெட்கமாக இருக்கிறது என்று போன வருஷம் சொன்னாய், அங்கே எல்லோரும் போட்டுக்கொள்ளும்போது உனக்கு மட்டும் என்ன வெட்கம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி, நெற்றியில் வெள்ளை. அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது கம்மி, ஆனால் படி ஏறும்போது யாரும் பார்க்காதபோது சுவரைப் பிடித்துக்கொள்கிறார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வாசகசாலையில் புதிதாக ஒரு பீரோ வந்திருக்கிறது, அதில் வைக்கப் புஸ்தகம்தான் இன்னும் வரவில்லை.

உன் கடிதத்தின் முடிவில், காகிதம் தீர்ந்துபோன ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். நீயும் பக்கத்து வீட்டு அம்மாளும் ஊரிலிருந்து வருகிற யாரையோ அழைத்துவர ரயிலடிக்குப் போனதாகவும், அங்கே நம் மலையின் படம் போட்ட பெரிய போஸ்டர் ஒட்டியிருந்ததாகவும், அதில் நடந்துபோகிற பெண்ணைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்து ‘அதோ எங்க’ என்று ஆரம்பித்து, அதற்குள் மலை அவளுக்கு இடப்பக்கம் இருப்பதைப் பார்த்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டதாகவும் எழுதியிருந்தாய். அது நீதானே சித்தி, நீயானால் ஏன் இடமாகப் போகிறாய் என்று கேட்டிருந்தாய். முகம் தெரியாத படத்தில், முதுகையும் கொண்டையையும் வைத்து என்னைக் கண்டுபிடித்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒன்று நீ. இன்னொருவர் யார் என்று பிறகு சொல்கிறேன். உன் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம், ஆனால் அந்த ஒரு வரியால் இங்கே நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாமல் போய்விடும், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு நம் ஊர் சர்க்கார் கண்ணில் பட்டுவிட்டது. க்ஷேத்திரங்களுக்கு வருகிறவர்களுக்கு வசதி செய்து கொடுத்தால் வெளிதேசத்துக்காரர்களும் வருவார்கள், ஊருக்கும் நாட்டுக்கும் நல்லது என்று திட்டம். கெட்ட திட்டம் என்று நான் சொல்லமாட்டேன். மலையைச் சுற்றுகிற பாதையில் முள்ளை வெட்டி ஜல்லி போட்டிருக்கிறார்கள், மாட வீதியில் சாக்கடை ஓடுகிறது, தேங்கி நிற்பதில்லை. குளக்கரை மண்டபத்துத் தூண்களில் யார் யாரோ காலம் காலமாக அடித்த சுண்ணாம்பைச் சுரண்டினால், உள்ளே ஒரு யாளியும் அதன் வாயில் உருளுகிற கல்லும் இருந்தன, இத்தனை வருஷம் அதன் மேல்தான் நாம் ஈரப் புடவை உலர்த்தினோம். வேங்கிக்கால் பக்கம் ஒரு விடுதி கட்டுகிறார்கள். இதற்கெல்லாம் மதராஸிலிருந்து வந்து போகிறவர் ராஜேந்திரன் என்று ஓர் அதிகாரி, சின்ன வயசு, நல்ல மாதிரி, செருப்பை எங்கே கழற்ற வேண்டும் என்று எல்லா இடத்திலும் கேட்டுவிட்டுத்தான் காலை வைப்பார். அவர் ஒரு நாள், கோயிலில் பூஜை முடித்து வந்த அப்பாவிடம், தீபத்தை ஒரு மணி நேரம் முன்னதாக ஏற்றினால் பஸ்ஸில் வருகிறவர்கள் அன்றைக்கே ஊர் திரும்பச் சௌகரியமாக இருக்கும், முடியுமா சுவாமி என்று கேட்டாராம். அப்பா ரொம்ப மரியாதையாக, எனக்கொண்ணும் ஆட்சேபணையில்லை சார், சூரியனை ஒரு வார்த்தை கேட்டுண்டு சொல்லிடறேன் என்றாராம். அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதம்.

போன கார்த்திகையில் இந்த இலாகா ஒரு படம் பிடிப்பவரை அனுப்பியிருந்தது. அவர் எடுத்த படங்களில் ஒன்றைத்தான் போஸ்டராக அச்சடித்து, இந்த ஆடியில் ஊர் ஊராக ஒட்டினார்கள். நம் ரயிலடியிலும் பஸ் நிற்கும் இடத்திலும் கோயில் ஆபீஸ் வாசலிலும் ஒட்டினார்கள். பின்னால் மலை, முன்னால் இடுப்புவரை ஒரு பெண், கையில் சொம்பு, முகம் மலைப் பக்கம் திரும்பியிருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில் ‘மலையை வலம் வரும் பக்தை’. முதலில் ஊரே பெருமைப்பட்டது. கூட்டமாக நின்று பார்த்தார்கள். யாரோ ஒருவர்தான், இருங்க இருங்க, மலை எந்தப் பக்கம் இருக்குது பாருங்க என்றாராம். அவ்வளவுதான். வலம் வருகிறவளுக்கு மலை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும், இவளுக்கு இடது கைப்பக்கம் இருக்கிறது. மலையை இடம் வருகிறாள். நம் வீடுகளில் இடம் சுற்றுவது எதற்கு என்று உனக்குத் தெரியும், சாவுக்குச் செய்கிற அபரகாரியத்துக்கு மட்டும்தான். நம் பங்காளி நீலகண்டன் கோபுர வாசலிலேயே நின்று, ஓய், இத்தனை நாள் மனுஷாதான் தப்புப் பண்ணிண்டிருந்தா, இப்போ சர்க்காரே அச்சுப் போட்டு அப்பிரதட்சிணம் பண்றது என்று சத்தம் போட்டான். அதில் பாதி போஸ்டருக்காக, பாதி அப்பாவுக்காக. அப்பா அதிகாரியோடு சிநேகிதமாக இருப்பது அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

அந்தப் பெண் யார் என்று அடுத்த கேள்வி. தலைப்பு இடது தோளில் இருக்கிறது, நம்மவர்களுக்கு வலது தோளில் அல்லவா, அதனால் குருக்கள் வீட்டு மனுஷி இல்லை, குடியானவர் வீட்டுப் பெண் என்று தீர்மானித்தார்கள். படம் அடி அண்ணாமலைப் பக்கம் எடுத்தது போலிருக்கிறது என்றார்கள். படம் பிடித்தவர் அங்கே தங்கம்மாள் பந்தலில் மோர் வாங்கிக் குடித்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவளுக்கும் பெரிய கொண்டை. அப்புறம் என்ன, அவள்தான் என்று முடிந்துவிட்டது. தங்கம்மாளை உனக்கு ஞாபகம் இருக்கும், வேடியப்பனின் பெண்சாதி, நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது காலில் முள் தைத்து அழுதாயே, மடியில் காலைப் போட்டு எடுத்தவள். கார்த்திகையில் மலை சுற்றுகிறவர்களுக்கு அங்கே தண்ணீரும் மோரும் ஊற்றுகிற பந்தல் அவள் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு உரியது. அதற்காக வருஷம் முழுவதும் பானை சேர்ப்பாள். தயிர் விற்று வருகிற பெண்கள் அவளைப் பார்த்து, என்னாக்கா, இன்னைக்கு எந்தப் பக்கம் போறே, இடமா வலமா என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றுபோய், அவள் கையால் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார்கள். இந்தத் தீபத்துக்கு அந்தப் பந்தலை வேறு வீட்டுக்கு மாற்றிக் கொடுக்க விழாக் கமிட்டியில் பேசப்போவதாகச் செய்தி வந்தது.

ரேணு, போஸ்டரைப் பார்த்த நிமிஷமே அது நான்தான் என்று எனக்குத் தெரியும். போன தீபத்துக்கு மறுநாள், விடிந்தும் விடியாத நேரத்தில், நான் தனியாக மலையைச் சுற்றப் போயிருந்தேன். வருஷத்தில் சில நாள் அப்படிப் போவது உண்டு, அப்பாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. தெருப் பெண்களோடு போனால், லலிதா, இந்தத் தடவை இன்னதை வேண்டிக்கோ, அந்த லிங்கத்தண்டே இத்தனை தரம் சுத்து, அடுத்த வருஷம் தொட்டில் கட்டிடலாம் என்று எனக்காக அவர்களே வேண்டிக்கொள்வார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் நான் மலையைச் சுற்றும்போது எதையும் வேண்டிக்கொள்வதில்லை, நடப்பதற்காகத்தான் நடக்கிறேன், அதை யாரிடம் போய்ச் சொல்வது. அந்தக் காலை அடி அண்ணாமலையில் தங்கம்மாள், பசியா வந்துக்கினு இருக்கீங்களேம்மா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க என்று என் சொம்பில் மோர் ஊற்றினாள். நான் நின்று குடித்தேன். நம் வீட்டுப் பெண்கள் அங்கே வாங்கிக் குடிக்கமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. அங்கிருந்து கிளம்பி நடந்தபோது பின்னால் எங்கேயோ அந்தப் படக்காரர் நின்றிருக்கிறார்.

அப்படியானால் உடனே ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். ஊர் வாயில் என் பேர் விழுவது எனக்குப் பிடிக்காது என்பது ஒன்று. சொன்னால் அது அப்பா தலையில் விடியும், தீபத்தன்று கர்ப்பக்கிருகத்தில் அப்பாவின் பூஜை முறையைப் பிடுங்க நீலகண்டன் காத்திருக்கிறான் என்பது இன்னொன்று. இதற்கெல்லாம் மேலே, எனக்கே ஒன்றும் புரியவில்லை. நான் வலமாகத்தான் போனேன். படத்தில் இடமாகப் போகிறேன். கண்ணால் பார்ப்பதை எப்படி இல்லை என்பது. என்ன சொல்வது என்று தெரியட்டும், சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்படித் தள்ளிப்போட்ட நாளெல்லாம் தங்கம்மாள் பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி ஆரம்பத்தில் ஒரு மத்தியானம் அவளே வந்தாள். கொல்லைப் பக்கமாக வந்து, தொழுவத்தருகே நின்றுகொண்டு, ஐயா இருக்காங்களா என்று கேட்டாள். கோயிலில் இருக்கிறார் என்றேன். போகாமல் நின்றாள். பிறகு மெதுவாக, போட்டாவுல இருக்கறது நீங்கதான்னு எனக்குத் தெரியும்மா, என் பந்தக்காலு பக்கத்துலதானே நின்னீங்க, இது வரைக்கும் என் வூட்டுக்காரருக்கும் சொல்லல, இனிமேட்டும் சொல்லமாட்டேன் என்றாள். அவள் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா, எனக்காகத்தான் கேக்கறேன், மலைய இடஞ்சுத்தியா போனீங்க, அப்படிப் போற பாதத்துக்கா நான் மோர் ஊத்தினேன் என்றாள். என்னைக் கண்டுபிடித்த இன்னொருவர் இவள்தான். ஊர் முழுவதும் அவளை ஏசியபோது அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவள் கவலையெல்லாம் தன் பந்தலில் ஊற்றியது தகாத காரியத்துக்குப் போய்விட்டதோ என்பதுதான். சத்தியமாக வலமாகத்தான் போனேன் தங்கம்மா என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்போ போட்டா பொய் சொல்லுதா இன்னா, அதுல தலப்பு இந்தத் தோளு, உங்களுக்கு இப்போ அந்தத் தோளு, என்னைக்காச்சும் மாத்திக் கட்டுவீங்களா என்று கேட்டாள். அவள் எதிரே நின்று தன் தோளைத் தொட்டும் என் தோளைத் தொட்டும் காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. தினம் குங்குமம் இட்டுக்கொள்ளும்போது கண்ணாடியில் என் தலைப்பு எந்தத் தோளில் இருக்கிறது? இடது தோளில். அந்தப் போஸ்டரில் இருப்பது கண்ணாடியில் தெரிகிற நான். அச்சடித்த இடத்தில் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள், மலையும் என்னோடு சேர்ந்து திரும்பிவிட்டது.

அப்பா வந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும், மோர் குடித்ததையும் சொன்னேன். அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, விசிறியை எடுத்துக்கொண்டார். என்னால் உங்கள் முறைக்கு ஏதாவது வந்துவிட்டால் என்று ஆரம்பித்தேன். என் முறை அண்ணாமலையார் குடுத்தது, போஸ்டர் குடுத்ததில்லை, என்றார். பிறகு, நாளைக்குக் கமிட்டியிலே நீ வந்து சொல்றியா, இல்லை உனக்குப் பதிலா நான் சொல்லட்டுமா, உனக்கு எது சுலபமோ அதைச் செய் என்றார். எனக்குச் சுலபமானது அவர் சொல்வதுதான். ஆனால் தங்கம்மாள், அது நான் இல்லை என்று தன் வாயாலேயே சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தாள், நான் மட்டும் புருஷனை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பதா என்று தோன்றியது. நான் வருகிறேன் என்றேன். அப்போதுதான் கூடத்துக் கண்ணாடியைக் கழற்றினேன். உன் அம்மாவின் தேக்குச் சட்டக் கண்ணாடி. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பத்து வயசு, அதன் கீழே நின்றுகொண்டு, இதை யாரும் தொடக் கூடாது என்று சொன்னாய். துடைத்ததைத் தவிர இத்தனை வருஷமும் நான் அதைத் தொட்டதில்லை. உன்னைக் கேட்க நேரமில்லை, கேட்டிருந்தால் எடுத்துப் போ என்றுதான் சொல்லியிருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் அவ்வளவு பெரிய கண்ணாடி வேறு இல்லை.

மறுநாள் கமிட்டி ஆயிரங்கால் மண்டபத்தில் ஓர் ஓரமாகக் கூடியிருந்தது. அடி அண்ணாமலையிலிருந்து வேடியப்பனும் தங்கம்மாளும் வந்து, தூணோடு தூணாக நின்றிருந்தார்கள். ராஜேந்திரனும் மதராஸிலிருந்து வந்திருந்தார், பாவம், முகம் வெளுத்துப்போயிருந்தது. நீலகண்டன் பந்தல் விஷயத்தை ஆரம்பித்தபோது, அப்பா கண்ணாடியைத் தூணில் சாய்த்துவைத்து, எதிரே போஸ்டரைத் தாமே விரித்துப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் ஒரு தரம் கண்ணாடிக்குள்ளே பாருங்கோ என்றார். பார்த்தார்கள். அடி அண்ணாமலைக்காரர் ஒருவர்தான் முதலில், அட, எங்க ஊரு மலை, எங்க வூட்டு வாசல்ல நின்னா இப்படித்தானே தெரியும், போஸ்டர்ல மூஞ்சியத் திருப்பிக்கினு இருந்துது என்றார். அங்கேயே சிரிப்பு கிளம்பிவிட்டது. நான் அது அடங்கும்வரை நின்று, அந்தப் படத்தில் இருப்பது நான், வலமாகத்தான் போனேன், தலைப்பு வலது தோளில்தான் இருக்கிறது, தங்கம்மாளின் பந்தலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு நாலு அடி வைத்தபோது எடுத்தது என்றேன். குரல் நடுங்கவில்லை என்று அப்பா பிறகு சொன்னார். நீலகண்டன், மலை வலப்பக்கம் போயிடுத்து, சரி, குருக்களாத்து மனுஷி பந்தல்ல நின்னுண்டு மோர் குடிக்கலாம்னு எந்தக் கண்ணாடியிலே தெரியறது என்று கேட்டான். நான் பதில் யோசிப்பதற்குள் தங்கம்மாள் தூணை விட்டு முன்னால் வந்து, மோரு புளிப்பா இருந்துதான்னு கேளு சாமி, அதுக்கு நான் பதில் சொல்றேன் என்றாள். ராஜேந்திரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள், நீலகண்டனுக்கே ஒரு நிமிஷம் உதடு அசைந்தது. பந்தல் அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்தானது.

இதனால் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று எழுதினால் பொய். நீலகண்டன் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு என்னை அழைக்கவில்லை, இன்னும் இரண்டு வீட்டில் கூப்பிடுகிற குரல் மாறியிருக்கிறது. அந்தச் சாயங்காலங்களில் நிறையப் படித்தேன், ஆனாலும் தெருக்கோடியில் பாட்டுச் சத்தம் கேட்டபோது புஸ்தகத்தில் ஒரே பக்கத்தில் இருந்தேன். தெருவில் போனால் குழந்தைகள், போஸ்டர் மாமி போறா என்கின்றன. தனியாக மலை சுற்றுவது இனிமேல் அவ்வளவு தனியாக இருக்காது. அப்பாவிடம் சிலர் பிராயச்சித்தம் செய்யச் சொன்னார்களாம், அவர் வீட்டுக்கு வந்து, பிராயச்சித்தமா இன்னொரு தரம் சுத்திட்டு வந்துடு, இந்தத் தடவை நானும் வரேன் என்கிறார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. தீபத்துக்கு மறுநாள் மெதுவாகப் போவதாக இருக்கிறோம், வழியில் எங்கே உட்காருவோம் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை, அது தெரிந்த இடம்தான்.

புதுப் போஸ்டர் அடுத்த வருஷம்தான் அச்சாகுமாம், அதுவரை ஒட்டியது ஒட்டியபடி இருக்கும் என்று ராஜேந்திரன் வருத்தப்பட்டார். சரியான பக்கத்தில் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாமா அம்மா என்றும் கேட்டார். வேண்டாம், இருக்கிறதையே திருப்பிப் போடுங்கள் என்றேன். ஆனால் இங்கே நடந்திருப்பதைக் கேள். தங்கம்மாள் ஒரு போஸ்டரை வாங்கிக்கொண்டு போய்ப் பந்தல் போடுகிற இடத்தில் தட்டி கட்டி ஒட்டியிருக்கிறாள், அதற்கு எதிரே சந்தையில் வாங்கிய ஒரு கண்ணாடியை மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் முதலில் போஸ்டரைப் பார்த்துத் திகைத்து, பிறகு கண்ணாடியில் பார்த்துத் தலையசைத்து, அப்புறம் தண்ணீர் கேட்கிறார்கள். பஸ்ஸில் வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று அங்கேயே நெடுநேரம் நின்றதாம். இத்தனை திட்டம் போட்டும் எங்கள் இலாகாவுக்கு இது தோன்றவில்லையே என்று ராஜேந்திரன் சொன்னார். யாரும்மா இதுன்னு கேட்டா இன்னா சொல்றது என்று தங்கம்மாள் என்னிடம் ஆள் அனுப்பினாள். மலை சுற்றுகிறவர்களில் ஒருத்தி என்று சொல், பேர் வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.

உன் அம்மாவின் கண்ணாடியைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன், கீறல் இல்லை. தைக்கு நீ வரும்போது நீயே பார்த்துக்கொள். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ள மறக்காதே. மாப்பிள்ளையிடம் எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல். கார்த்திகைத் தீபத்தன்று அந்தி வேளையில் உங்கள் வாசலில் ஒரு விளக்காவது ஏற்று, இங்கே மலைமேல் ஏற்றுகிற அதே நேரம். சூரியனைக் கேட்டுக்கொள். மற்றபடி, ரயிலடிப் பக்கம் மறுபடி போனால் அந்தப் போஸ்டரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. மலை என் வலப்பக்கம்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் அன்றைக்குப் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை, உனக்கு எப்படி முடிக்கத் தோன்றுகிறதோ அப்படி முடித்துக்கொள்ளலாம்.

சகல சௌபாக்கியத்தோடும் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு, உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
லலிதாம்பாள்